தகர வேலிக்குள் ஏனோக் பார்த்தது

மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்தில் வேலை என்றால் எல்லோருக்கும் அது கீழே போவதுதான். ஏனோக்குக்கு மட்டும் மேலே போவது. சுரங்கத்துக்குள் செங்குத்தாக இறங்கும் ஷாஃப்டின் தலைக்கு மேல் ஓர் இரும்புக் கோபுரம் நிற்கும். ஹெட்கியர் என்பார்கள். ஆட்கள் ஏறிப் போகும் கேஜைத் தூக்கி இறக்கும் கம்பிக்கயிறு அதன் உச்சியில் இருக்கும் இரண்டு பெரிய சக்கரங்களின் மேல் ஓடும். சனிக்கிழமை காலையில் முதல் ஷிஃப்ட் இறங்கி முடிந்ததும் இரண்டு மணி நேரம் எஞ்சினை நிறுத்திவைப்பார்கள். அப்போது ஏனோக் கிரீஸ் டப்பாவை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏணி ஏறுவான். சக்கரத்துக்குக் கிரீஸ் வைப்பான், கயிற்றில் எங்கேயாவது கம்பி அறுந்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பான், போல்ட்டுகளைத் தட்டிப் பார்ப்பான், இறங்கிவிடுவான். குடியாத்தம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த அவன் அப்பா சுரங்கத்துக்குள்ளேயே செத்துப்போனவர். ஒரு நாளும் கீழே இறங்கமாட்டேன் என்று அம்மா அவனை பைபிள்மேல் கை வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கியிருந்தாள். சத்தியத்தைக் காப்பாற்ற இந்த வேலை வாய்த்தது. அவனுக்கு இப்போது நாற்பத்தொரு வயது. அதில் இருபது வருஷம் இந்த ஏணியில் போயிருந்தது.

மேலே ஏறினவன் சும்மா இறங்கமாட்டான். நாலா பக்கமும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவான். மாரிகுப்பத்தில் ரயில் கிளம்பிவிட்டதா, பேத்தமங்கலம் பக்கம் மழை இறங்குகிறதா, சுரங்கக் கழிவு மண் குவிந்த சைனைட் மேட்டுக்கு அந்தப் பக்கம் யாருடைய மாடு தொலைந்துபோய் நிற்கிறது எல்லாம் அவனுக்குத் தெரியும். கேட்டவர்களுக்குச் சொல்வான். தேடிப் போனவனுக்கு அவன் சொன்ன இடத்தில் மாடு கிடைத்தது. மழையும் சொன்னபடி வந்தது. "ஏனோக் பாத்துட்டான்னா சாமி பாத்த மாதிரி" என்று கம்பெனி கொடுத்த லைன் வீடுகளில் பேச்சாகிவிட்டது. அந்தப் பேர் அவனுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. சம்பளத்திலும் வீட்டிலும் கடைசி வரிசையில் நின்ற மனிதனுக்கு அதைத் தவிர வேறு என்ன சொத்து? அந்தப் பேரைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அவன் ஒரு நாள் வாயைத் திறந்தான். அதில் ஒரு குடும்பம் கெட்டது.

அறுபத்தெட்டாம் வருஷம் பொங்கல் முடிந்த கையோடு, ராபர்ட்சன்பேட்டைக்குப் போகும் சாலையோரத்தில் இருந்த காலி நிலத்தைச் சுற்றி இரண்டு ஆள் உயரத்துக்குத் தகரம் அடித்தார்கள். தகரத்துக்கு உட்புறம் ஓலைத் தட்டியும் கட்டினார்கள். ஆணி ஓட்டையில் கண்ணை வைத்தால் ஓலைதான் தெரியும். வாசலில் ஒரு காவல்காரன், இரண்டு நாய்கள். கன்னடத்திலும் தமிழிலும் எழுதின ஒரு பலகை: 'விரைவில் வருகிறது, ஆனந்தப் பூங்கா. பெரியோர் சிறியோர் அனைவருக்கும் அதிசய விளையாட்டுகள்.' பெங்களூரிலிருந்து வந்த யாரோ ஒரு காண்ட்ராக்டர் எடுத்திருக்கிறாராம். அவர் வாயைத் திறக்கவில்லை. காவல்காரன் அதற்கு மேல். என்ன கேட்டாலும் "பார்க் வருது, போங்க" என்பான்.

கேட்கவேண்டுமா? தங்கம் தோண்டுகிற ஊர். மூடி வைத்த இடத்தில் என்ன இருக்கிறது என்று ஊகிப்பதுதான் அவர்கள் பரம்பரைத் தொழில். வேலிக்கு எதிரே இருந்த டீக்கடையில் சாயங்காலமானால் இருபது முப்பது பேர் கூடிவிடுவார்கள். உள்ளே வரப்போவது என்ன என்பதைத் தவிர அங்கே வேறு பேச்சு கிடையாது. சம்பளப் பேச்சு, யூனியன் பேச்சு, சண்டை எல்லாம் அந்தக் கடையில் நின்றுபோனது. பார்க்குக்கு இன்னும் ஒரு கல்கூட வைக்கவில்லை. அதற்குள் அதன் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள்.

வேலிக்குள் பார்க்க முடிந்தவன் ஊரில் ஒருவன்தான். சனிக்கிழமை சாயங்காலம் ஏனோக் வந்து உட்கார்ந்தால் கடைக்காரரே எழுந்து வந்து டீயை நீட்டுவார். காசு வாங்கமாட்டார்.

"ரவுண்டா ஒரு குழி தோண்டிகிறான்" என்றான் ஏனோக் முதல் வாரம்.

"ரவுண்டா தோண்டினா அது ஷாஃப்டு. இதுல இன்னா பேச்சு?" என்றான் சித்தார்த்தன். கீழே பாறை சரியாமல் மரமுட்டுக் கொடுக்கும் வேலைக்காரன் அவன். எதையும் நம்பாமல் தட்டிப் பார்த்துப் பழகினவன்.

"ஷாஃப்டுன்னா கல்லு வெளிய வரணும்யா. ஒரு வண்டி கல்லு வந்துச்சா? ஆறடி தோண்டி காங்கிரீட்டு கொட்றான்" என்றான் ஏனோக்.

"அப்போ தண்ணி ரொப்பி போட்டு வுடற குளம்."

"குடிக்கவே நாலு நாளைக்கு ஒரு வாட்டி தண்ணி வருது. இவன் போட்டு வுடப்போறானாம், போட்டு!"

"மரணக் கிணறா இருக்கும். மோட்டார் சைக்கிள் ஓட்டுவாங்களே."

"அது பலகையில கட்றதுடா. காங்கிரீட்டு எதுக்கு?"

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்த சம்பங்கி நிதானமாகக் கேட்டான். "ஏனோக்கு, இரும்பு எதுனா வந்துகீதா?"

"வந்துகீது. நம்ம ஹெட்கியர் காலு கணக்கா நாலு காலு. படுக்க வச்சிகிறான்."

"அப்போ ராட்டினம். ஜயண்ட் வீலு." சம்பங்கி மடியில் இருந்த நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, பென்சிலால் ஒரு வட்டம் போட்டான். கடை முழுக்க ஒரு பெருமூச்சு விட்டது. அதற்கு மேல் எதிர்க்கட்சி என்று ஒன்று இருக்கவில்லை.

சம்பங்கி யார் என்று சொல்லவேண்டும். பதினாறு வருஷம் சுரங்கத்துக்குள் பெல்மேனாக இருந்தவன். ஆட்களைக் கேஜில் ஏற்றிக் கதவைச் சாத்தி, பெல் கயிற்றை இழுத்து மேலே எஞ்சின்காரனுக்குச் சொல்லுகிற வேலை. இரண்டு வருஷத்துக்கு முன் அதே கேஜின் கதவில் சிக்கி அவனுடைய இடது கை மணிக்கட்டோடு போய்விட்டது. கம்பெனி கொடுக்கவேண்டியதைக் கொடுத்து அனுப்பிவிட்டது. லைன் வீட்டை மட்டும் அறுபத்தெட்டுக் கடைசிக்குள் காலி செய்தால் போதும் என்று விட்டுவைத்திருந்தார்கள். அவனும் மனைவி பார்வதம்மாவும் இரண்டு பிள்ளைகளும் அதில் நாளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். கை போன நாளிலிருந்து சம்பங்கி எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தான். இந்தத் தகர வேலி வந்த பிறகுதான் தினமும் முகம் மழித்தான்.

ராட்டினம் என்று முடிவான இரண்டாம் நாள் அவனுக்கு இன்னொன்று தோன்றியது.

"ராட்டினம்னா இன்னா? ஒரு பொட்டி மேல போவும், ஒரு பொட்டி கீழ வரும். நம்ம கேஜுதானே அது? ஆளு ஏறிட்டான்னு எஞ்சின்காரனுக்கு யாரு சொல்றது? ஆளு ஏத்துற வீலுக்கு பெல்மேன் இல்லாம முடியாது. ரூலு."

அத்தனை பேரும் தலையாட்டினார்கள். சித்தார்த்தன்கூட ஆட்டினான். பெல் அடிக்காமல் ஓர் ஆளைத் தூக்கினால் எஞ்சின்காரனைச் சிறையில் போடுவார்கள் என்று படித்து வளர்ந்த கூட்டம் அது. உலகத்தில் எந்தச் சக்கரம் சுற்றினாலும் அதன் அடியில் ஒருவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பான் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை. மைசூர் தசராவில் ராட்டினம் பார்த்த இரண்டு பேர் கூட்டத்தில் இருந்தார்கள். அங்கே பெல் இருந்ததா என்று கேட்டால் நினைவில்லை என்றார்கள். பிறகு, இல்லாமலா இருக்கும் என்றார்கள்.

"மூணு அடிச்சா ஆளு ஏறுது. ஒண்ணு அடிச்சா தூக்கு. ரெண்டு அடிச்சா எறக்கு. ஓடிகினு இருக்கறப்போ ஒண்ணு அடிச்சா நிறுத்து" என்று சொல்லி சம்பங்கி தன் வலது கையைத் தூக்கிக் காட்டினான். "இதுக்கு ஒத்த கை போதும்."

அன்றைக்கே அந்த வேலை அவனுக்கென்று கடையில் முடிவாகிவிட்டது. அதைக் கொடுக்கவேண்டிய காண்ட்ராக்டரை மட்டும் யாரும் கேட்கவில்லை.

மாசி மாதம் பாதியில் உள்ளே வேலை நின்றுவிட்டது. ஏனோக் ஏறிப் பார்த்தான். குழி அப்படியே இருந்தது. இரும்புக் கால்கள் படுத்த இடத்திலேயே கிடந்தன. ஓர் ஆளைக் காணோம். காவல்காரன் நாயோடு விளையாடிக்கொண்டிருந்தான். அடுத்த சனிக்கிழமையும் அதே. அவன் கடைக்கு வந்து "ஒண்ணும் இல்லப்பா" என்று சொன்னபோது முப்பது முகங்களும் சுருங்கிப்போயின. கடைக்காரர் டீக்குக் காசு வாங்கிக்கொண்டார். சம்பங்கி நோட்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்துபோனான்.

மூன்றாம் சனிக்கிழமை ஏனோக் சொன்னான்: "ரெண்டு பொட்டி வந்துகீது. ஒண்ணு நீலம், ஒண்ணு மஞ்சளு."

எப்படி வாயில் வந்தது என்று அவனுக்கே தெரியாது. கடை எழுந்து நின்று கூத்தாடியது. சம்பங்கி பெட்டிக்கு அளவு கேட்டான், கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று கேட்டான். ஏனோக் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். நாலாம் வாரம் சிவப்புப் பெட்டி வந்தது. ஐந்தாம் வாரம் சின்ன ரயிலுக்குத் தண்டவாளம் போட்டார்கள். ஆறாம் வாரம் ஒரு யானை பொம்மையின் தும்பிக்கை மட்டும் வந்து இறங்கியது. சம்பங்கி எல்லாவற்றையும் நோட்டில் வரைந்தான். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தேதி எழுதினான்.

தான் சொன்ன பொய்களை ஏனோக் வீட்டில் சொல்லிச் சிரித்தபோது அவன் மனைவி ஜெயசீலி சிரிக்கவில்லை. தவக்காலம், நோன்பு நாட்கள். வீட்டில் கறி சமைத்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

"கறி திங்காத வாயி பொய் மட்டும் சொல்லலாமா?" என்றாள். "இன்னாங்க இது, சின்னப் புள்ளையாட்டம்?"

"சும்மா ஒரு சந்தோஷத்துக்குத்தான். யாருக்கு இன்னா நஷ்டம்?"

"நஷ்டம் இருந்தா அப்போ தெரியும்" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை ஏனோக் மேலே ஏறினான். பின்பக்கத் தகரத்தைக் கழற்றி உள்ளே கொண்டுவந்த மூன்று லாரிகள் வேலிக்குள் நின்றிருந்தன. ஆட்கள் ஓடி ஓடி வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒரு நிமிஷம் அவனுக்கு நெஞ்சு குளிர்ந்தது; நான் சொன்ன பொய்யெல்லாம் நிஜமாகப் போகிறது என்று நினைத்தான். பிறகுதான் கண் நிலைத்தது. அவர்கள் இறக்கவில்லை, ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நாலு இரும்புக் கால்களும் லாரிமேல் போய்விட்டன. ஒரு கூட்டம் மண்ணை வாரி அந்த வட்டக் குழியை மூடிக்கொண்டிருந்தது. பார்க்கை எடுத்தவன் மூட்டை கட்டுகிறான். கிரீஸ் கையோடு ஏனோக் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

இறங்கும்போது ஏணியின் ஒவ்வொரு படியிலும் அவன் ஒரே ஒரு விஷயத்தைத்தான் யோசித்தான். உள்ளதைச் சொல்லிவிடுவது. பார்க் போய்விட்டது என்று சொல்லலாம், அதில் தப்பில்லை. ஆனால் அந்த மூன்று பெட்டி எங்கே என்பார்கள். தண்டவாளம் எங்கே என்பார்கள். சித்தார்த்தன் தும்பிக்கையைக் கேட்பான். சரி, அதற்கும் ஏதாவது சொல்லிக்கொள்ளலாம், சாயங்காலம் கடைக்குப் போகும்வரை நேரம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கீழே கால் வைத்தான்.

கேட்டுக்கு வெளியே சம்பங்கி நின்றிருந்தான். பக்கத்தில் பார்வதம்மா. அவள் அதுவரை ஒருநாளும் மைன் கேட்டுக்கு வந்தவள் இல்லை. கையில் ஒரு கடிதம் இருந்தது.

"பெங்களூர்ல இவ தம்பி கீறான் இல்ல" என்று சம்பங்கி ஆரம்பித்தான். "அவன் வேல பாக்குற மில்லுல கேட்டுக்கு ஆளு வேணுமாம். வர்ற போறவன் பேரை எழுதணும், அவ்ளோதான். ஒத்த கை ஆளு பரவால்லன்னு மேனேஜரு சொல்லிட்டாராம். திங்கக்கெழம காலைல நேர்ல போய் நிக்கணும். நாளைக்கு ரயிலு ஏறுன்றா இவ. நான் இன்னா சொல்றேன், இங்க எனக்கு பெல்லு வேல வரப்போவுது, தெரிஞ்ச வேல, தெரிஞ்ச ஊரு. எதுக்கு அங்க போய் கேட்டுல நாயாட்டம் உக்காரணும்? நீ பாத்தத சொல்லு, நான் அதுப்படி பண்றேன்."

ஏனோக் கிரீஸ் கையைத் துணியில் துடைத்தான். அவன் நெற்றியிலிருந்து வியர்வை வழிந்து கண்ணில் எரிந்தது. கேட்டைத் தாண்டி டீக்கடைக் கூட்டத்து ஆட்கள் இரண்டு பேர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவர்கள், இவர்களைப் பார்த்துவிட்டு நின்றார்கள். "இன்னாப்பா, இன்னிக்கு இன்னா வந்துகீது?" என்று ஒருவன் தூரத்திலிருந்தே கேட்டான்.

அப்போது பார்வதம்மா கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள்.

"அண்ணா, எங்களுக்கு டிசம்பரு வரைக்கும்தான் வீடு. ரெண்டு புள்ளைங்க கீது. நீங்க நல்லா பாத்தீங்களா? வீலு வருதா?"

ஏனோக் அவள் முகத்தைப் பார்க்காமல் சைக்கிள்காரர்களைப் பார்த்தான்.

"வருதும்மா" என்றான். "காலு நிக்க வைக்கிறாங்க. நான் பாத்தேன்."

பார்வதம்மா அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. ஏனோக் பார்த்துவிட்டால் சாமி பார்த்த மாதிரி என்பதை அவளும் கேட்டு வளர்ந்தவள்தானே. கடிதத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். சம்பங்கி ஏனோக்கின் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான்.

மறுநாள் விடிகாலை ஈஸ்டர் ஆராதனை. உயிர்த்தெழுந்தார் என்று கோயில் முழுக்கப் பாடியது. ஏனோக் வாய் அசைத்துக்கொண்டு நின்றான். ஏழு மணிக்கு மாரிகுப்பத்திலிருந்து ரயில் ஊதுவது கேட்டது. இப்போதுகூட ஓடலாம் என்று நினைத்தான். சம்பங்கி வீடு பத்து நிமிஷ நடை. அடுத்த ரயில் மத்தியானம் இருக்கிறது. சாயங்காலம்கூட ஒன்று இருக்கிறது. ஆராதனை முடிந்து கை குலுக்கினார்கள், வீட்டில் கறிக்குழம்பு கொதித்தது, சாப்பிட்டான், படுத்தான். மத்தியான ரயில் போயிற்று. சாயங்கால ரயிலும் போயிற்று. எல்லாவற்றையும் படுத்தபடியே கேட்டான். ஜெயசீலி இரண்டு முறை வந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை என்றாள். அவளிடமும் அவன் சொல்லவில்லை.

மூன்று வாரம் கழித்துத் தகரத்தையும் பிரித்து ஏற்றிக்கொண்டு போனார்கள். வெளியே எல்லோரும் பார்க்கிறாற்போல் ஒரு காலி நிலம். அதன் நடுவில் புது மண் மூடின ஒரு வட்டம். ஊரே திரண்டு நின்று காண்ட்ராக்டரின் ஏழு தலைமுறையைத் திட்டியது. சித்தார்த்தன் உள்ளே நடந்து சுற்றிப் பார்த்துவிட்டு வந்தான்.

"தண்டவாளம் போட்ட எடம் எங்கப்பா? ஒரு ஆணியடிச்ச தடம்கூட இல்ல."

ஏனோக் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அவனுக்குப் பதிலாகச் சம்பங்கி பாய்ந்தான்.

"ஏனோக்கு பாத்தான்னா பாத்தான். அவன் கண்ண சந்தேகப்படாதே. வந்த சாமானத்த அந்தத் திருட்டுப்பய ராத்திரியோட ராத்திரியா தூக்கிட்டான். என் நோட்டுல எல்லாம் கீது, தேதியோட கீது. வந்து பாரு!"

அவன் நிஜமாகவே நோட்டைப் பிரித்து ஒவ்வொருவருக்கும் காட்டினான். நீலப் பெட்டி, மஞ்சள் பெட்டி, தும்பிக்கை. ஏனோக்கின் பெயர் கெடாமல் காப்பாற்றப்பட்டது. காறித் துப்பியிருந்தால்கூட ஏனோக்குக்கு அவ்வளவு வலித்திருக்காது.

பெங்களூரிலிருந்து பதில் வந்தது. திங்கட்கிழமை பத்து மணிவரை காத்திருந்துவிட்டு வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். டிசம்பரில் லைன் வீட்டைக் காலி செய்து, மாரிகுப்பம் பக்கத்தில் ஒரு கொட்டகைக்கு அவர்கள் குடிபோனார்கள். ஒற்றைக்கைக்காரனுக்கு ஊரில் யார் வேலை கொடுப்பார்? ஏனோக் வெட்கத்தை விட்டுத் தன் ஃபோர்மேனிடம் போய்க் கெஞ்சிப் பார்த்தான். இருக்கிறவனையே அனுப்புகிற காலத்தில் போனவனுக்கு வேலையா என்று அவர் கேட்டார். பார்வதம்மா சித்தாள் வேலைக்குப் போக ஆரம்பித்தாள்.

இதுதான் ஏனோக்குக்கு வாய்த்த தண்டனை. மேலிருந்து அவளைப் பார்க்க முடிந்தது. அடுத்த வருஷம் ராபர்ட்சன்பேட்டை ஓரத்தில் இரண்டு மாடிக் கட்டடம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை சனிக்கிழமை அவன் ஏறும்போது, பலகைச் சாரத்தில் பெண்கள் வரிசையாக ஜல்லிச் சட்டி சுமந்து போவது தெரியும். அத்தனை தூரத்தில் யார் முகமும் தெரியாது. ஆனால் வரிசையில் கடைசியாக, படிக்குப் படி நின்று நின்று ஏறுகிறவள் யார் என்று அவனுக்குத் தெரியும். அவள் மூட்டு வலிக்காரி. அந்தப் பக்கம் பார்க்கக்கூடாது என்று முதுகைத் திருப்பிக்கொண்டு கிரீஸ் வைப்பான். ஐந்து நிமிஷம்கூடத் தாங்காது, திரும்பிவிடுவான். இறங்கி வந்தால் யாராவது, "மேல இன்னா தெரிஞ்சிது?" என்று கேட்பார்கள். "ஒண்ணும் தெரியல, பனி" என்பான். சித்திரை வெயிலில் பனி என்று சொன்ன நாளும் உண்டு. கொஞ்ச நாளில் கேட்பதை விட்டுவிட்டார்கள். ஏனோக்குக்குக் கண் மங்கிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

வீட்டில் சோறு இறங்கவில்லை. ஜெயசீலியிடம் ஒரு நாள் உடைந்துபோய் எல்லாவற்றையும் சொன்னான். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள், "எங்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? போய் அவங்ககிட்ட சொல்லுங்க" என்றாள். அதற்குப் பிறகும் எட்டு மாதம் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் அரிசி கொண்டுபோய்க் கொடுப்பான், பிள்ளைகளுக்கு பிஸ்கெட் கொடுப்பான், வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டுத் திரும்புவான். சம்பங்கி ஒவ்வொரு முறையும், "உன்ன மாதிரி ஒரு சினேகிதன் யாருக்குக் கெடைப்பான்" என்பான். அதைக் கேட்டுவிட்டு வழியில் சைனைட் மேட்டு ஓரமாக நின்று ஏனோக் தனியாக அழுதிருக்கிறான்.

அறுபத்தொன்பதாம் வருஷம் ஐப்பசியில், மழை விட்ட ஒரு சாயங்காலம், அவன் கையில் ஒன்றும் இல்லாமல் போனான். அரிசி கொண்டுபோனால் சொல்லமாட்டோம் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டிருந்தது. சம்பங்கி கொட்டகை வாசலில் உட்கார்ந்து சின்னவனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தான். பையனை உள்ளே அனுப்பச் சொல்லிவிட்டு, நின்றபடியே ஏனோக் சொன்னான். பெட்டி வரவில்லை. தண்டவாளம் வரவில்லை. அன்றைக்குச் சனிக்கிழமை லாரியில் இரும்பை ஏற்றிக்கொண்டு போனதை இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டுத்தான் வருது என்று சொன்னேன். ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிட்டு, அடிப்பதானால் அடி என்று நின்றான்.

சம்பங்கி எழுந்திருக்கவில்லை. மொட்டைக் கையைத் தடவிக்கொண்டான்.

"தும்பிக்கையுமா பொய்யி?" என்றான்.

"அதுவும்தான்."

"அத நான் நல்லா வரைஞ்சேன்டா." சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தான். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "வுடு. ஒரு உண்மை நானும் சொல்றேன். எனக்குப் பெங்களூரு போவ இஷ்டமில்ல. மச்சான் தயவுல ஒக்காரணும், அவன் பொண்டாட்டி போடற சோத்தத் திங்கணும். போவாம இருக்க எனக்கு ஒரு சாக்கு வேணும், நீ குடுத்த. நீ இல்லன்னு சொல்லியிருந்தாக்கூட வேற ஒண்ணு தேடியிருப்பேன். ஒண்ணும் மனசுல வச்சிக்காதே. உக்காரு."

ஒன்றரை வருஷமாக நெஞ்சில் கிடந்த பாரம் சட்டென்று இறங்கிற்று. ஏனோக் வாசல் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டான். சம்பங்கி பீடி நீட்டினான். இரண்டு பேரும் அந்தக் காலத்து டீக்கடையைப் பற்றிப் பேசிச் சிரித்தார்கள். இவ்வளவு சுலபமா, இதற்கா எட்டு மாதம் ஒத்திப்போட்டோம் என்று ஏனோக்குக்கு ஆச்சரியமாக இருந்தது. நாளைக்கு ஜெயசீலியிடம் சொல்லவேண்டும், நிம்மதியாகச் சாப்பிடவேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

இருட்டுகிற நேரத்தில் பார்வதம்மா வேலையிலிருந்து வந்தாள். தலையில் சும்மாடு அப்படியே இருந்தது. புடவை முழுக்க சிமென்ட் தூள். ஒரு கட்டு சுள்ளியும் சுமந்து வந்திருந்தாள். அதை இறக்க ஏனோக் கை நீட்டினான். அவள் தானே இறக்கிக்கொண்டாள்.

"தெரியுமா சேதி?" என்றான் சம்பங்கி உற்சாகமாக. "அன்னிக்கு இவன் வீலைப் பாக்கவே இல்லையாம். லாரில ஏத்தினு போனதத்தான் பாத்தானாம். ஒண்ணரை வருஷமா உள்ளுக்குள்ளயே வச்சினு செத்துகினு இருந்திருக்கான், பாவம். மன்னிப்பு கேக்க வந்தான். நான் மன்னிச்சி வுட்டுட்டேன்."

பார்வதம்மா சும்மாட்டை எடுத்து உதறி மடித்தாள். கணவனையும் பார்த்தாள், ஏனோக்கையும் பார்த்தாள். கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை. களைப்புத்தான் இருந்தது.

"அவரு மன்னிச்சிட்டாரு, சரி" என்றாள். "அண்ணா, அன்னிக்கு கேட்டுல நின்னு உங்கள நல்லா பாத்தீங்களான்னு கேட்டது யாரு?"

ஏனோக் எழுந்து நின்றான்.

"நான்தானே கேட்டேன்? நீங்க என்கிட்டதானே சொன்னீங்க? செமக்கிறது நானு. அவரு எப்படி மன்னிக்கிறாரு?"

சம்பங்கி பீடியை அணைத்தான். ஏனோக் இரண்டு கையையும் கூப்பினான். தங்கச்சி என்று ஆரம்பித்தான். அதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை. வந்த வழியெல்லாம் சம்பங்கிக்காகத்தான் சொற்களைச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தான். அவளுக்கென்று அவன் எதையும் கொண்டு வரவில்லை. அவள் சாரம் ஏறத் தொடங்கின நாளிலிருந்து வாரா வாரம் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவளிடம் கேட்கவேண்டும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

அவள் காத்திருந்து பார்த்தாள். பிறகு சுள்ளிக்கட்டைக் கையில் எடுத்தாள்.

"கொஞ்சம் நகருங்கண்ணா" என்றாள். "வாசல்ல நிக்கிறீங்க. அடுப்பு பத்த வைக்கணும், புள்ளைங்க பசியோட கீது."

ஏனோக் நகர்ந்து வழி விட்டான்.